சாவுக்கென்று எடுத்துவைத்த பிளேட்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிட்டால் பாதி மரியாதையாவது மிஞ்சும்.

எங்கள் வீட்டு முன்னறையில் என் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கோட்டு இரவல். கைக்கடிகாரம் இரவல். வகிடு மட்டும் சொந்தம். பின்னால் திரையில் வரைந்த அரண்மனைப் படிக்கட்டு. மேஜைமேல் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம், அதன்மேல் என் கை. குதிரைகளுக்கு வரும் வியாதிகளைப் பற்றிய புத்தகம் அது என்று பிற்பாடுதான் ஒருவர் படித்துச் சொன்னார். அதுகூடப் போகட்டும். படத்தில் எனக்கு மூக்கு ஒன்றரை. இடது காதை ஒட்டி இன்னொரு காதின் நிழல். எடுக்கும்போது அசைந்துவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் கொழும்பிலிருந்து, “மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார், பின்னால் ஒளிந்திருப்பது தம்பியா?” என்று கேட்டுக் கடிதம் போட்டார். அப்படியும் கல்யாணம் நடந்தது. “எனக்குத் தாலி கட்டுனது இந்த ரெண்டுல எதுன்னு இன்னும் தெரியலைங்க” என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கண்ணாடியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பின்பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பெண். நாற்பதைத் தாண்டிய வயது. ஊர் அவரைப் படக்காரம்மா என்றது. நான் அக்கா என்பேன். கணவர் வைத்த ஸ்டூடியோ. அவர் போனபிறகு காமிராவை விற்றுவிடச் சொன்னவர்களிடம், “விக்கலாம், அவசரமில்லை” என்று சொல்லிக்கொண்டே பதினைந்து வருஷம் படம் எடுத்தவர். ரசாயனத்தில் முக்கி முக்கி அவர் விரல் நுனிகள் கறுத்திருக்கும். அதைப் பார்த்து மை போட்டுப் பார்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, தொலைந்த மாட்டைத் தேடிக் கொடுக்கச் சொல்லி வந்தவர்களும் உண்டு.

ஆண்பிள்ளை முன்னால் நிற்க மாட்டோம் என்கிற பெண்கள் அவரிடம்தான் வருவார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து திரை கட்டிய கூண்டு வண்டியில் மரைக்காயர் வீட்டுப் பெண்கள் வந்து இறங்குவார்கள். அப்போது என்னை வாசலுக்கு விரட்டிவிடுவார்கள். எதிரே சோடாக்கடை. அங்கே ராவுத்தர் அண்ணன் எனக்கென்றே ஒரு முக்காலி போட்டு வைத்திருப்பார்.

“என்ன மாப்ளே, இன்னைக்கும் வெளியேத்திட்டாகளா?”

“வெளியேத்தலைண்ணே. வெளிய வேலை இருக்குன்னு அனுப்பியிருக்காங்க.”

“சரிதான். சோடாவுக்குக் காவல் இரு.”

எனக்கு அங்கே உத்தியோகம் டச்சப். நெகட்டிவில் பென்சிலால் கோடு இழுத்து அம்மைத் தழும்பை அழிப்பது, ஒட்டிய கன்னத்தை ஊதவைப்பது, மாறுகண்ணை நேராக்குவது. மனிதர்களை அவர்கள் விரும்பும் பொய்யாக்கிக் கொடுப்பது என் தொழில். அக்கா அதைத் தடுத்ததில்லை. பாராட்டியதும் இல்லை. “உசிரோட இருக்கவங்களுக்குச் செய்ங்க தம்பி. அவங்க வந்து சண்டை போடுவாங்க, ஒங்களுக்குத் துணையா இருக்கும்” என்பார்.

அக்காவிடம் ஒரு வழக்கம். எதிரே உட்காருகிறவரைப் பார்த்து ‘அசையாதீங்க’ என்று சொல்ல மாட்டார். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் மூச்சுக்கு மூச்சு அதைத்தான் சொல்வார்கள். கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள இரும்புக் கொறடு ஒன்று வைத்திருப்பார்கள். எங்கள் ஸ்டூடியோவிலும் கணவர் காலத்துக் கொறடு இருந்தது. அக்கா அதில் ஈரத்துணி காயப்போடுவார். “அசையிறது அசையட்டும்” என்பது அவர் வாக்கு. லென்ஸ் மூடியில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். குழந்தை துள்ளும், கிழவர் இருமுவார், புதுப்பெண் நெளிவாள். எல்லாம் அடங்கித் தானாக ஒரு நிமிஷம் வரும். அப்போது மூடியைக் கழற்றி, வாய்க்குள் ‘சிவாயநம’ என்று நாலைந்து முறை சொல்லி, மறுபடி மூடுவார். அவ்வளவுதான்.

ஒருநாள் சமஸ்தானத்துப் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் வந்தார். தலைப்பாகை, தங்கச் சங்கிலி, ஆடிக்கொண்டே இருக்கும் கால். கால்மணி நேரம் ஆயிற்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னம்மா, இன்னும் எடுக்கலையா?”

“நீங்க இன்னும் வந்து உக்காரலைங்களே” என்றார் அக்கா.

நான் டார்க் ரூமுக்குள் ஓடிப்போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன். வெளியே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், அந்த மனிதர் முதன்முறையாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பொறுமைக்கு ஏற்ற ஆள் மனிதர்களில் கிடைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு பூச்சி வந்தது.

ஒரு நாள் காலை ஸ்டூடியோவைத் திறந்தபோது, திரையில் வரைந்திருந்த அரண்மனைப் படிக்கட்டின்மேல் அது உட்கார்ந்திருந்ததாம். நான் வேலைக்குச் சேருமுன் நடந்தது. விரித்த கை அளவு. இளம் வெற்றிலைப் பச்சை. இறக்கை நாலிலும் ஒவ்வொரு கண். பின்னிறக்கை இரண்டும் நீண்டு திருகிய வாலாகத் தொங்கின. அந்துப்பூச்சி இனம்தான். ஆனால் அரிசிப்பானையில் பறக்கிற அற்பத்துக்கும் இதற்கும் ஒரே பெயர் என்றால் மனசு ஒப்பாது. அக்கா வாலுப்பூச்சி என்பார். அன்று பகல் முழுக்க அது அசையவில்லை. யாரும் சொல்லாமலே அசையாமல் இருந்த முதல் ஆள். சாயங்காலம் போய்விட்டது. எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனவருக்குக் கொல்லையிலிருந்த ஒதிய மரத்தில் பதில் கிடைத்தது.

ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பார்களே, அந்த மரம். விறகுக்கும் உருப்படாது. அதன் இலையைத் தின்றுதான் அந்தப் பச்சைப் பட்டு வளர்கிறது என்று அக்கா கண்டுபிடித்தார். அதன் பிறப்பு முதல் இறக்கை விரிவது வரை வரிசையாகப் படமெடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தாராம். ஏன் என்று நான் கேட்டதற்கு, “மனுசங்க ஆல்பத்துல நடுவுலருந்துதான் ஆரம்பிக்குது தம்பி” என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்தவன்போல் தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

சின்னதைப் பெரிதாக எடுக்க, காமிராவின் தோல் துருத்தியை முழுக்க இழுத்து, போதாததற்கு ஒரு மரப்பெட்டியை நடுவில் பொருத்தியிருந்தார். துருத்தி நீள நீள வெளிச்சம் குறையும். ஐந்து சிவாயநம போதாது, ஐம்பது வேண்டும். அவ்வளவு நேரம் கிளை ஆடக்கூடாது, புழு நகரக்கூடாது, நான் தும்மக்கூடாது. மூன்றில் முதலிரண்டுதான் எளிது.

முட்டையை ஒரு அம்மன் காசின் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இருந்தது. நம் சமஸ்தானத்துச் செப்புக்காசு, சுண்டுவிரல் நகமளவு. அதன் பக்கத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆறு முட்டைகள். மறுவருஷம் முட்டை ஓட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் செம்புழு. அதற்கடுத்த வருஷம் பச்சையாக மாறிய புழு முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டு புதுத் தோலோடு வெளிவருவது. ஒரு வருஷத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. “தலைத்தீபாவளி மாப்பிள்ளை மாதிரியில்ல திங்குது!” என்று ராவுத்தர் அண்ணன் வந்து வேடிக்கை பார்ப்பார். “எங்கிட்டு ஒளிச்சு வைக்கும் அவ்வளவையும்?”

நான் சேர்ந்த வருஷம் பெருவிரல் தடிமனுக்கு வளர்ந்த புழுவை எடுக்க வேண்டியது. அது இலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாக நின்றார். எனக்குப் பரிதாபமாகிவிட்டது. டச்சப்காரன் கை சும்மா இருக்குமா? பென்சில் முனையால் புழுவை நைசாக நெம்பி, வெளிச்சம் விழும் பக்கம் திருப்பிவிட்டேன். புழு தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே சிலையாக நின்றது. என்ன அழகான நிலை!

“இப்ப எடுங்கக்கா!”

துணிக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. “அது நீங்க வச்ச எடம் தம்பி. அது வந்த எடம் இல்லை.”

லென்ஸை மூடி, காமிராவை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் படத்துக்கு இன்னொரு வருஷம் காத்திருந்தோம். ஒரு பென்சில் நெம்பலுக்கு ஒரு வருஷம். இதிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், முன்னறைப் படத்தை மறுபடி ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த பிஸ்கட் டப்பா.

டார்க் ரூமில், உயர அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். அதற்குள் கறுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு கண்ணாடி பிளேட், படம் விழுவதற்குப் பால்நிற மருந்து பூசியது. சாவுக்கென்று எடுத்துவைத்தது. அந்தக் காலத்தில் உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு வாய்த்தது? போனபிறகுதான் முகம் ஞாபகத்துக்கு வரும். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் வீட்டார் நின்று எடுத்துக்கொள்வார்கள். எத்தனை கல்யாணப் பார்ட்டி வந்து நின்றாலும், பிளேட் தீர்ந்துபோச்சு என்று கையை விரிப்பாரே தவிர அக்கா அந்த டப்பாவைத் தொட மாட்டார். “கல்யாணத்துக்கு நாள் பாப்பாங்க. சாவுக்கு யாரு பாப்பா?” என்பார். அது செலவானால், அடுத்த பார்சலில் முதல் பிளேட் டப்பாவுக்குப் போகும்.

உலகச் சண்டை வந்தது. பிளேட் வருவது நின்றது. மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ‘கப்பல் வரவில்லை’ என்றே பதில். அந்த மார்கழியில் ஸ்டூடியோவில் மொத்தம் மூன்று பிளேட். பூச்சிக்கு இரண்டு, டப்பாவில் ஒன்று.

பூச்சி வரிசையில் பாக்கி இருந்ததும் இரண்டுதான். கூட்டைவிட்டு வெளியே வருவது ஒன்று. இறக்கை முழுக்க விரிந்து நிற்பது ஒன்று. ஒன்பது வருஷ வேலை அதோடு முடியும். தாழ்ந்த கிளையொன்றில், ஒரு இலையைப் போர்த்திக்கொண்டு கூடு கட்டியிருந்தது. மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது, அந்தக் கூடு மட்டும் நூலில் பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா தினம் காலையில் போய் அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருவார்.

அதே மார்கழியில்தான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கொழும்பு மாமன் படம் கேட்டார். அக்காவிடம் தலையைச் சொறிந்தேன்.

“சண்டை முடியட்டும் தம்பி. மூஞ்சி எங்கயும் போயிராது.”

திருவாதிரைக்கு அக்கா சொந்த ஊரான ஆவுடையார்கோவிலுக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினார். நான் ராவுத்தர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் ஏறினேன். பூச்சி பிளேட்டில் கை வைத்தால் மறுநாளே தெரிந்துவிடும். டப்பாவை யார் பார்க்கப்போகிறார்கள்? பொங்கலுக்குள் பார்சல் வந்துவிடும், வைத்துவிடலாம். நெகட்டிவ் சுரண்டிய வெறுங்கண்ணாடி ஒன்றைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்தேன். கனம் குறையக்கூடாது பாருங்கள்! என் அறிவு அப்படிப்பட்டது.

“எத்தனை எண்ணணும் மாப்ளே?” என்றார் ராவுத்தர் அண்ணன், லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு.

“நிதானமா அஞ்சு.”

“ஒரு சோடா... ரெண்டு சோடா... மூக்குல என்னடா ஈ?”

நான் மூக்கைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பொங்கல்வரை, புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஜனங்களின் ஆயுளுக்காக என்னைப்போல் வேண்டிக்கொண்டவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். வழியில் யாராவது இருமினால்கூட நின்று, “கஷாயம் குடிச்சீங்களா?” என்று கேட்பேன். பொங்கல் வந்தது. பார்சல் வரவில்லை.

தை பாதியில் ஒரு காலை. காமிராவைக் கொல்லையில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம். அக்கா கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். கூட்டுக்குள் சத்தம். தீப்பெட்டிக்குள் யாரோ நகத்தால் கீறுவதுபோல. கூட்டின் தலைப்பக்கம் நனைந்திருந்தது. அந்த ஈரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தலை வந்தது. பிறகு கால்கள். நனைந்த பஞ்சு மாதிரி உடம்பு. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் கசக்கிப்போட்ட வெற்றிலைபோல் நாலு சுருள். அது கிளையைப் பற்றி நாலு விரற்கடை ஏறி, நின்றது. அக்கா மூடியைக் கழற்றினார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நான் மூச்சைப் பிடித்திருந்தேன். மூடினார். ஒன்று முடிந்தது.

“இன்னும் அரை மணி. ரெக்கை விரிஞ்சிரும்” என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஹோல்டரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டார். அது கடைசி பிளேட்.

அப்போது வாசலில் வண்டி நின்றது. கொல்லைக்கே வந்துவிட்டார் ஒருவர். முப்பது வயது இருக்கும், காலெல்லாம் புழுதி. கறம்பக்குடிச் சாலையில் ஏழெட்டு மைல் தள்ளி ஒரு ஊர். விடியுமுன் வண்டி பூட்டியிருக்கிறார்.

“படக்காரம்மா நீங்கதானுங்களா? எங்கண்ணன் மக. நாலு வயசு. காச்சல்ல கெடந்து ராத்திரி போயிருச்சுங்க. பொழுது சாயுறதுக்குள்ள பொதைக்கணும். எங்க மதினி, படம் புடிச்சாத்தான் புள்ளையக் கைய விட்டுக் குடுப்பேன்னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“உக்காருங்க தம்பி. அரை மணி பொறுங்க. ஒங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “டப்பாவுல இருக்கிறதை இன்னொரு ஹோல்டர்ல போட்டுக் கொண்டாங்க” என்றார்.

டார்க் ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன். கறுப்புக் காகிதத்தைப் பிரித்தேன். சிவப்பு விளக்கில் அந்த வெறுங்கண்ணாடி வழியாக என் உள்ளங்கை ரேகை தெரிந்தது. ஒரு யோசனை வந்தது. அதை இன்றைக்குச் சொல்லவும் கூசுகிறது. இதையே ஹோல்டரில் போட்டுக் கொடுத்தால் என்ன? அக்கா பூச்சியை எடுப்பார். அங்கே போய்ப் பிள்ளையையும் எடுப்பார். கழுவும்போது ஒன்றும் விழாது. பழைய பிளேட், கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அதற்குள் பிள்ளையைப் புதைத்திருப்பார்கள்.

ஹோல்டரைத் திறக்கவும் செய்தேன். நாலு வயசு என்று அந்த மனிதர் கையைத் தாழ்த்தி உயரம் காட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது. கண்ணாடியைக் கீழே போட்டேன். தவறி விழவில்லை. போட்டேன்.

வெளியே வந்து, “கைதவறி விழுந்துருச்சுக்கா” என்றேன். பாதி யோக்கியன் பேசும் பேச்சு அதுதான்.

அக்கா என்னைப் பார்த்தார். “கால்ல குத்தலையே?” என்றார்.

உள்ளே போய் அவரே குனிந்து கூட்டினார். முறத்தில் சில்லுகளோடு வந்து, அவற்றை வெயிலில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டுச் சுவரோரம் கொட்டினார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

இறக்கைகள் விரிந்துவிட்டன. அந்தக் காலை வெயிலில், மொட்டைக் கிளையில், அத்தனை நேரம் கசங்கிக் கிடந்தது முழுப் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை. வால் நுனிகூட ஆடவில்லை. ஒன்பது வருஷமாக அவர் காத்திருந்த அசையாமை. துணிக்குள் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதன் தலைகீழ் உருவத்தை. எத்தனை சிவாயநம சொல்லியிருப்பாரோ தெரியாது. லென்ஸ் மூடியின் பக்கம் கை போகவே இல்லை. அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அக்கா வெளியே வந்தார். துருத்தியை மடக்கினார். “காமிரா முக்காலியை வண்டியில ஏத்துங்க தம்பி.”

அந்த வீட்டு முற்றத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. தாய்க்கு என் வயதுதான் இருக்கும். பிள்ளையை மடியில் போட்டு, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். “ஆடாதடி! படம் கலைஞ்சு போகும்டி!”

“விடுங்க. ஆடட்டும்” என்றார் அக்கா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “மூஞ்சி அப்பிடியே விழுகுமாம்மா?”

“விழுகும் ஆத்தா.”

“நான் ஆடுனா?”

“ஆடு. எப்ப நிக்குதோ அப்ப எடுத்துக்கிறேன்.”

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. குழி வெட்டுகிறவர்கள் இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிழல் ஒரு முழம் நகர்ந்தது. அந்தத் தாய் ஆடி ஆடி, ஒரு கட்டத்தில் ஓய்ந்து, பிள்ளையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, அதன் முகத்தையே பார்த்தாள். அக்கா மூடியைக் கழற்றினார்.

பிள்ளையின் முகம் இமை மயிர்வரை விழுந்திருந்தது. தாயின் முகமும் தெளிவு. அவள் தன்னை அறியாமல் பிள்ளையின் நெஞ்சைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கை மட்டும் கலைந்து, ஒரு கை இருந்த இடத்தில் ஐந்தாறு கைகள். படத்தை வாங்க வந்த தகப்பனார், “கண்ணைத் தொறந்த மாதிரி எழுதித் தர முடியுங்களா?” என்று என்னைக் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். நான் பென்சிலை எடுத்தேன்.

“தூங்குற புள்ளைய எழுப்பாதீங்கய்யா” என்றார் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுப் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

அந்தக் கையையாவது சரி செய்திருக்கலாமே என்று பிற்பாடு நான் முணுமுணுத்தபோது, எனக்குக் கிடைத்தது ஒரே பதில். “அந்தக் கையை நீங்க தொடாதீங்க.”

பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம், வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழி தாண்டியபிறகு அக்கா சொன்னார். “எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்குக் கடையில பிளேட் இல்லை தம்பி. ஊரு பூராவையும் எடுத்த மனுசன். அவரு படம் ஒண்ணுகூட இல்லை. அதுக்குத்தான் அந்த டப்பா.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “முகம் ஞாபகம் இருக்காக்கா?”

“இருக்கு. அசைஞ்சுக்கிட்டே இருக்கு.”

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தோம். கிளையில் கூடு மட்டும் இருந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சண்டை முடிந்தது. பிளேட் வர ஆரம்பித்தது. முதல் பார்சல் வந்த அன்று நான் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடினேன். ஆனால் அதற்கு முந்தைய ஐப்பசிப் புயலிலேயே ஒதிய மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ஒதிக்கு எந்தக் காலத்தில் உறுதி இருந்தது? வேறு மரம் தேடலாம் என்று ஊர் ஊராக அலைந்து, நார்த்தாமலைப் பக்கம் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னேன். “வந்தா வரட்டும் தம்பி. நாமளாப் போயித் தேடி, அது வந்ததா ஆகாது” என்றார். அது திரும்ப வரவே இல்லை.

பிறகு ஒருநாள், கறுப்பு அட்டையில் ஆல்பம் ஒன்று கட்டினார். அம்மன் காசும் முட்டையும் முதல் பக்கம். ஓட்டைக் கடிக்கும் புழு. தோல் உரிப்பது. முகம் காட்டிய பெரிய புழு. இலை போர்த்திய கூடு. கசங்கிய சுருள்களோடு கிளை ஏறுவது. கடைசிப் பக்கத்தில் நாலு மூலைகளை மட்டும் ஒட்டினார். நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்காதபோது நான் தமாஷ் பண்ணுவேன். “ஒங்க ஊர்க் கோயில்ல சாமி இல்லாத பீடத்துக்குத்தானே பூசை. அதே பழக்கமாக்கா?”

லேசாகச் சிரித்தார்.

“நான் வரைஞ்சு ஒட்டிடுறேனே. அன்னைக்குப் பார்த்தது ஒரு நரம்பு விடாம கண்ணுல நிக்குது. போட்டோ இல்லைன்னு ஒருத்தன் சொல்ல முடியாது.”

அவர் நாலாவது மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கறுத்த விரல் நுனியைப் பார்த்தபடி நின்றேன். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

“அக்கா, அன்னைக்கு ஒடைஞ்சது சாவு பிளேட் இல்லை. அது வெறுங்கண்ணாடி. நிஜ பிளேட்ல நான் என்னையே எடுத்துக்கிட்டேன், நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப.”

அக்கா ஆல்பத்தை மூடினார்.

“தெரியும். அசைஞ்சிட்டீங்க.”